செக் இன்ஜின் லைட்டும் உப்புக்காற்றும்: மண்டபத்தில் செய்து பார்த்தது

வண்டி பிஎஸ் 4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) பெட்ரோல், நான்கு சிலிண்டர். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், தென்கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கூரையில்லாத வாசலில் நிற்பது. செக் இன்ஜின் லைட் சில நாள் எரியும், தானாக அணையும், பிறகு மறுபடி எரியும். இழுவையில் குறை தெரியவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் பெட்ரோல் வாடை தூக்கலாக வரும்.

இப்படி எரிந்து எரிந்து அணைவதை "தானாகச் சரியாகிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகை சம்பந்தப்பட்ட பெரும்பாலான பிழைகளை வண்டியின் கம்ப்யூட்டர் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் கண்டால்தான் லைட்டைப் போடும். மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து காணாவிட்டால் அணைக்கும். ஆனால் எரர் கோட் உள்ளேயே இருக்கும். சுமார் 40 முறை இன்ஜின் குளிர்ந்து சூடேறிய பிறகே அது அழியும். ஆகவே லைட் அணைந்த நாளிலும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம்.

லைட் விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. பிளக் சரியாகத் தீப்பிடிக்காமல் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பாம்பன் பாலத்தின் மேல் இப்படி மின்னினால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, பாலம் இறங்கியதும் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். ஆயில் லைட்டோ, சூட்டு லைட்டோ சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துவதுதான் முறை.

ஸ்கேனர் வேலை எளிது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஈஎல்எம் 327 வகை புளூடூத் கருவியும் போனில் ஒரு செயலியும் போதும். மிக மலிவான நகல்களில் சில, எல்லா வண்டிகளோடும் பேசாது. கோட் வந்தவுடன் "அழி" பொத்தானைத் தொடவே கூடாது. உறுதியான கோட், பெண்டிங் கோட் (இன்னும் உறுதியாகாதது), ஃப்ரீஸ் ஃப்ரேம் (பிழை விழுந்த கணத்தின் பதிவு) மூன்றையும் முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அழித்தால் பிழை விழுந்த நேரத்துச் சூடு, ஆர்பிஎம், வேகம் எல்லாம் சேர்ந்து போய்விடும். துப்பு இருப்பதே அதில்தான்.

இந்த வண்டியில் கிடைத்தது: பி0031 உறுதியாக, பி0118 பெண்டிங்கில். முதலாவது, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு. இரண்டாவது, கூலன்ட் சூட்டுச் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம். ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் 31 டிகிரி, வண்டி நின்ற இடத்தில் ஐடில். அதாவது ஸ்டார்ட் ஆன சற்று நேரத்திலேயே பிழை விழுந்திருக்கிறது. ஹீட்டர் அதிகக் கரண்ட் இழுப்பதும் அந்த நேரத்தில்தான்.

இந்த இரண்டு எரர் கோட்களையும் காட்டினால் பல இடங்களில் இரண்டு சென்சாரையும் மாற்றச் சொல்வார்கள். எரர் கோட் சொல்வது சர்க்யூட்டைப் பற்றி. சர்க்யூட் என்றால் சென்சார், சாக்கெட், வயர், ஃபியூஸ், எர்த் அத்தனையும் சேர்த்து. கடலோரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சென்சாரும் வயரும் சேரும் சாக்கெட்டை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருப்பிடித்தலை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது இந்தக் காற்றுக்காகத்தான். சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானே நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். மழையே பெய்யாவிட்டாலும் சாக்கெட்டுக்குள் படிந்த உப்பு பெரும்பாலும் நனைந்தே இருக்கிறது. செம்பில் களிம்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த நாள் விடியலில், இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து லைவ் டேட்டா பார்த்தது. உள்ளே வரும் காற்றின் சூடு 27 டிகிரி, கூலன்ட் 21 டிகிரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்ட் சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, சென்சாரின் பின்களில் மல்டிமீட்டர் வைத்தால் 1.8 கிலோ ஓம். 27 டிகிரிக்கு அது சரியான அளவே. வயர் பக்கம் 5 வோல்ட் ஒழுங்காக வருகிறது. அப்படியானால் சென்சாரும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது. இரண்டும் தொடும் இடத்தில் ஏறிய களிம்பு சில நூறு ஓம் தடையைக் கூட்டுகிறது. தடை கூடினால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் இன்னும் குளிராகத் தெரியும், பெட்ரோலைக் கூட்டி விடும். காலையில் வந்த வாடைக்குக் காரணம் அதுவே. பின்களுக்கு நடுவில் ஈர உப்பு பாலம் போட்டால் நேர்மாறாகச் சூடு அதிகமாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிஜன் சென்சாரில் நான்கு வயர். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு ஹீட்டருடையவை. குளிர்ந்த நிலையில் 6 ஓம். நல்ல ஹீட்டர். சப்ளை வயரில் மீட்டர் வைத்தால், இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட். இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். மீட்டர் ஏறக்குறைய கரண்டே இழுப்பதில்லை, ஆகவே ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டும். 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் போட வேண்டும். அது ஹீட்டரைப் போலவே சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்ப் மங்கலாக எரிந்தது, வோல்டேஜ் 9.1-க்கு இறங்கியது. சாக்கெட்டுக்குப் பின்னால் வயரின் உறையைக் கொஞ்சம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாக இருந்தது. உப்புத் தண்ணீர் டெர்மினலில் நுழைந்து இழைகளின் வழியே உறைக்குள் ஏறியிருக்கிறது. பளபளப்பான செம்பு வரும் வரை 4 சென்டிமீட்டர் வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, புது டெர்மினல் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டாயிற்று. பல்பின் வயரைப் பெண் டெர்மினலுக்குள் திணிக்கக் கூடாது. வாய் விரிந்தால் அதுவே புதிய பிழை.

சாக்கெட்டைச் சுத்தம் செய்வதில் பெரும்பாலோர் தவறவிடும் ஒன்று உண்டு: கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைக்கத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் உப்பே இல்லாத தண்ணீர். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் மிச்சமாகும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, 5 மில்லி சிரிஞ்சால் வயர் பக்கச் சாக்கெட்டில் பீய்ச்சி, மென்மையான நைலான் பிரஷால் தேய்த்து, வழியும் தண்ணீரைச் சிறு மூடியில் பிடித்து தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தது. முதல் கழுவல் 640 பிபிஎம். அடுத்தது 210, பிறகு 70, கடைசியில் 20. ஐம்பதுக்குக் கீழே வரும் வரை விடக் கூடாது. பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றினால் மிச்சத் தண்ணீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு சீக்கிரம் ஆவியாகிவிடும். நிழலில் ஒரு மணி நேரம் காயவிட்டு, அதன் பிறகே கான்டாக்ட் கிளீனர் (ஆக்சிஜன் சென்சார் சாக்கெட்டுக்கு மட்டும் வேண்டாம்; காரணம் கீழே). உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய், அடுத்த களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும்.

கூலன்ட் சாக்கெட்டின் ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவியது. ஆக்சிஜன் சென்சாரின் சாக்கெட்டில் கிரீஸும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம். பல வகைச் சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைத் தம் வயர் இழைகளுக்கு இடையில்தான் உறிஞ்சுகின்றன. அங்கே கிரீஸ் அடைத்தால் அளவு தப்பும். சென்சார் பக்க வயரைச் சால்டர் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். அந்தப் பக்கத்தைத் தண்ணீர் ஊற்றாமல், ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் மட்டும் துடைத்தால் போதும்.

எர்த் பட்டையையும் விடவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.38 வோல்ட். 0.2-க்குள் இருக்க வேண்டும். 10 எம்எம் ஸ்பானரில் கழற்றி, இங்கே மட்டும் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசியது. இப்போது 0.09. மஞ்சள் நிறச் சாக்கெட்டுகள் ஏர்பேக்குடையவை. அவற்றின் பக்கமே போகக் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகுதான் எரர் கோட்களை அழித்தது. மறுநாள் விடியலில் காற்று 27, கூலன்ட் 27. இராமநாதபுரம் சாலையில் 60 முதல் 80 வேகத்தில் சீராக ஓட்டிவந்தபோது ஹீட்டர் சோதனை முடிந்ததாகச் செயலி காட்டியது. லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மைனஸ் 8 சதவீதத்திலிருந்து மைனஸ் 2-க்கு வந்திருக்கிறது. கூடுதல் பெட்ரோலை வெட்டும் வேலை கம்ப்யூட்டருக்குக் குறைந்துவிட்டது. யாருக்காவது இந்த எண் ஐடிலில் பிளஸ் 10-ஐத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால், அது இன்டேக் ஹோஸில் காற்றுக் கசிவு; வேறு வேலை.

உப்பு வந்த வழி காற்று மட்டுமில்லை. இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். அதைப் பிரஷரில் பானெட்டுக்குள் அடித்து வாட்டர் சர்வீஸ் செய்தால், காற்று வருடக்கணக்கில் செய்வதை ஒரே நாளில் செய்துவிடும். இன்ஜின் அறையைக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய் வந்தால் அடிப்பக்கத்தை அதே நல்ல தண்ணீரில் அலசுவது நல்லது.

பின் ஆக்சிஜன் சென்சாரின் சாக்கெட் இன்னும் திறக்கவில்லை. பின்சீட்டில் மீன் பெட்டி ஏற்றும் வண்டி இது. ஐஸ் கரைந்த தண்ணீர் தரை விரிப்புக்கு அடியில் ஊறி, அந்தச் சென்சாரின் வயர் இறங்கும் துளைப் பக்கம்தான் வழிகிறது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் அந்தச் சாக்கெட்டைத் திறந்து, இதே டிஸ்டில்டு வாட்டர், இதே டிடிஎஸ் மீட்டர், இதே பல்ப் கொண்டு பார்க்க வேண்டும்.