"தொந்தரவு இல்லை" என்று எழுதிய நாட்கள்

முதியோர் இல்லத்தில் செவிலியராகச் சேர்ந்த தொடக்கத்தில், இரவுப் பணி முடிந்து குறிப்பேட்டில் நான் மிகுதியாக எழுதியது "தொந்தரவு இல்லை" என்பதைத்தான். கத்துகிறவருக்கும் கதவைத் தட்டுகிறவருக்கும் மருத்துவர் வருவார். சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பவர் நல்ல குணம் உள்ளவர் என்று பெயர் எடுப்பார். மனச்சோர்வு பெரும்பாலும் அந்த நல்ல குணத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பது எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு பெரியவர் வந்த மூன்றாம் வாரமே கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் தொடர்பில்லாமல் போகவே, மறதி தொடங்கிவிட்டதாகக் குறித்துக்கொண்டோம். ஒரு நாள் முகம் துடைத்துவிடும்போது அவருடைய காதுக் கருவியைக் கழற்றிப் பார்த்தேன். ஒலி செல்லும் துளை அழுக்கேறி அடைந்து கிடந்தது. சுத்தம் செய்து மாட்டியதும் அவர் கேட்டார்: "இத்தனை நாளும் ஏம்மா எல்லாரும் என்கிட்ட ரகசியமாவே பேசினீங்க?" நான் பதில் சொல்லவில்லை.

முதியோரின் மனச்சோர்வை அறிய 15 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். தூக்கமின்மையும் பசியின்மையும் முதுமையில் வேறு காரணங்களாலும் வரக்கூடும் என்பதால், அது உடலை விட்டுவிட்டு மனத்தையே கேட்கிறது. ஆனால், பத்துப் பேர் நடமாடும் கூடத்தில் நின்றுகொண்டு "வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கும்போது விடைகள் மாறுவதை நானே கண்டிருக்கிறேன்.

1976இல் வெளியான ஓர் ஆய்வுக்காக எலன் லாங்கர், ஜூடித் ரோடின் ஆகிய உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தாரிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர்கள் விருப்பம் என்று சொல்லி, வளர்ப்பதற்குச் செடியும் கொடுத்தார்கள். மற்றொரு தளத்தில் செடிக்கு ஊழியர்களே நீர் ஊற்றினார்கள். மூன்றே வாரத்தில் முதல் தளத்தாரிடம் உற்சாகம் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் விடியுமுன் எல்லோரையும் எழுப்பிக் குளிப்பாட்டிவிடும் எங்கள் வழக்கம் யாருடைய வசதிக்காக என்ற கேள்வியிலிருந்து அதன்பின் என்னால் தப்ப முடியவில்லை.

குளிக்கும் நேரத்தைக் கேட்டபோது, ஓர் அம்மா மூன்று நாட்கள் "உங்க வசதிப்படி" என்றே சொன்னார். நான்காம் நாள், சற்றுத் தயங்கி, "பத்து மணிக்கு" என்றார். அது மருந்து வண்டி அவர் அறைக்கு வரும் நேரம். அன்றைக்கு வண்டிதான் காத்திருந்தது.