பழைய ரேஸ் சைக்கிள் மலிவாக வாங்க

‘ரேஸ் சைக்கிள்’ என்று விளம்பரம் போட்டவருக்கு அதன் மதிப்பு தெரியும். ஓஎல்எக்ஸில் ‘பழைய கியர் சைக்கிள்’, ‘ஃபாரின் சைக்கிள்’ என்று தேடுங்கள். மலிவானவை அங்கேதான் கிடக்கும். செயின் பக்கத்துப் படம் கேளுங்கள். கியர் லீவர் கீழ்க் குழாயில் (ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடலை நோக்கி இறங்கும் குழாய்) இருந்து, ஃபிரேம் மூட்டுகளில் லக் (குழாய்களை இணைக்கும் உலோக உறை) தெரிந்தால் நேரில் போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் முதல் எதிரி உப்புக் காற்று. திருவான்மியூர், பெசன்ட் நகர் மொட்டைமாடியில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால், அலுமினிய சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) ஸ்டீல் ஃபிரேமுக்குள் இறுகியிருக்கலாம். உப்பு ஈரம் பட்டு அலுமினியம் அரித்து, அந்தப் பொருக்கு உள்ளேயே உப்பிப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்தி சீட்டைத் திருப்புங்கள். அசையாவிட்டால் நான் விட்டுவிடச் சொல்வேன். அசைந்தால் வெளியே எடுத்து, பொறித்த எண்ணைப் படியுங்கள்: 27.2 மி.மீ. என்றால் பெரும்பாலும் மெல்லிய, நல்ல குழாய். ரெனால்ட்ஸ் 531 (பேர்பெற்ற ஸ்டீல் குழாய் வகை) ஸ்டிக்கர் தனியாகவே விற்கிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஹேண்டில்பாருக்குக் கீழே, கீழ்க் குழாய் தொடங்கும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ மேடாகவோ இருந்தால் முன்பக்கம் மோதிய வண்டி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வீல் அளவையும் பாருங்கள்: டயரில் ரிம் விட்டம் 630 (மி.மீ.) என்றிருந்தால் 27 இஞ்ச் வீல், 622 என்றால் 700சி என்ற அளவு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 27 இஞ்சைக் கழற்றி 700சி வீல் போட்டால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக்கில் அந்த இடம் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.