இல்லாத கட்டத்தைக் காட்டிய என் புரோகிராம்

முதலாம் ஆண்டு சி (C) புரோகிராமிங் மொழி லேப் தேர்வில் எனக்கு வந்தது சின்னக் கேள்விதான். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸில் ஓர் எண் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்ல வேண்டும். வரிசைக்கு ஐ, நிரலுக்கு ஜே என்று ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று), எண் கிடைத்ததும் சுற்றை நிறுத்த ஒரு பிரேக். கடைசியில் ஐ, ஜே இரண்டையும் பிரின்ட் செய்தேன். வந்த விடை 3, 3. பூஜ்யத்திலிருந்து எண்ணும் சி-யில் அந்த மேட்ரிக்ஸின் கடைசிக் கட்டமே 2, 2 தான்!

வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல் திரையைப் பார்த்துவிட்டு, "பிரேக் எதைம்மா நிறுத்துச்சு?" என்றார்.

"லூப்பை சார்."

"எந்த லூப்பை?"

பிரேக் தன்னைச் சுற்றியுள்ள ஒரே ஒரு லூப்பைத்தான் நிறுத்தும். படித்திருந்தேன், அந்த நேரத்தில் தோன்றவில்லை. உள் லூப் நின்றதும் வெளி லூப் பாட்டுக்கு மிச்ச வரிசைகளையும் முடித்துவிட்டு வந்திருக்கிறது.

அவசரமாக ஒரு ஃப்ளாக் (எண் கிடைத்ததும் 1 ஆகும் அடையாள மாறி) வைத்து, அது பூஜ்யமாக இருக்கும்வரை மட்டும் வெளி லூப் ஓடட்டும் என்று எழுதினேன். இப்போது விடை 1, 1. சரியான விடை 0, 1. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஃபார் லூப் முதலில் ஐ-யைக் கூட்டிவிட்டு அப்புறம்தான் நிபந்தனையைப் பார்க்கும் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். எண் கிடைத்த இடத்திலேயே ஐ, ஜே இரண்டையும் வேறு மாறிகளில் பிடித்து வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். இன்னும் சுலபம், தேடலைத் தனி ஃபங்ஷனாக்கி அங்கேயே பிரின்ட் செய்து ரிட்டர்ன் ஆகிவிடுவது. எத்தனை லூப் இருந்தாலும் ஒரே தாவலில் வெளியே வந்துவிடலாம்.

ஜாவா எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெளி லூப்புக்கு ஒரு லேபிள் வைத்து, பிரேக்குடன் அந்தப் பெயரைச் சேர்த்தால் போதும். பைத்தானுக்கும் அது வேண்டும் என்று 2007-இல் ஒரு முன்மொழிவு வந்தது. பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ரோசம் மறுத்துவிட்டார். ரிட்டர்ன் இருக்கும்போது லேபிள் எதற்கு என்ற அவர் பக்கம்தான் நானும்.

எழுத்துத் தேர்வில் அவுட்புட் கேட்டால் மனக்கணக்குப் போடாதீர்கள். விடைத்தாள் ஓரத்தில் ஐ, ஜே என்று இரண்டு கோடு இழுத்து ஒவ்வொரு சுற்றையும் எழுதுங்கள். இரண்டு லூப்பும் 1 முதல் 3 வரை, உள் லூப்பில் பிரின்ட்டுக்கு முன்னால் 'ஜே 2 என்றால்' என்ற நிபந்தனை என்று வைத்துக்கொள்வோம். பிரேக் போட்டால் 3 வரி வரும், அந்த ஒரு சுற்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் கண்டினியூ போட்டால் 6. அதையே 'ஐ 2 என்றால்' என்று மாற்றினால் எதைப் போட்டாலும் 6 வரிதான், ஒரே வரிகள்தான்! உள் லூப் ஓடும்போது ஐ மாறுவதில்லையே. 'ஐ-யும் ஜே-யும் சமம் என்றால்' என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். பிரேக்குக்கு 3, கண்டினியூவுக்கு 6 வர வேண்டும்.