இளவரசர் அன்று ராத்திரி எங்கே இருந்தார்?

1888இல் லண்டன் வொயிட்சேப்பலில் நடந்த 'ஜாக் த ரிப்பர்' கொலைகளை விக்டோரியா மகாராணியின் பேரன்தான் செய்தார் என்று யாராவது அடித்துச் சொன்னால், ஏன் செய்தார் என்ற கேள்விக்குள் இறங்கவே வேண்டாம். இறங்கினால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய், ரகசியக் கல்யாணம், ஃப்ரீமேசன் ரகசியச் சங்கம் என்று கதை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடும். முதலில் ஒரு தாளில் கொலை நடந்த தேதிகளை எழுதுங்கள்: ஆகஸ்ட் 31, செப்டம்பர் 8, செப்டம்பர் 30 (ஒரே இரவில் இரண்டு), நவம்பர் 9.

பேரன் பெயர் ஆல்பர்ட் விக்டர். 1875இல் ஸ்ரீரங்கம் கோயிலுக்குத் தங்கக் கிண்ணம் கொடுத்தாரே எட்வர்ட், அவருடைய மூத்த பிள்ளை. கொலைகள் நடந்தபோது 24 வயது.

இனி ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆள் இருந்த ஊரை எழுத வேண்டும். கொலைகள் நடுநிசி தாண்டி நடந்தவை என்பதால் முந்தின சாயங்காலம், அன்றைய பகல் இரண்டையும் பார்க்கணும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 7 வரை வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் டான்பி லாட்ஜ். அங்கிருந்து 10ஆம் தேதி வரை யார்க் நகரத்துக் குதிரைப்படை முகாம். செப்டம்பர் 27 முதல் 30 வரை ஸ்காட்லாந்தில் அபர்கெல்டி. நவம்பர் 2 முதல் 12 வரை லண்டனுக்கு வெளியே நார்ஃபோக்கில் சாண்ட்ரிங்ஹாம் அரச மாளிகை. நவம்பர் 9 அப்பாவின் பிறந்தநாளும்கூட.

இதில் செப்டம்பர் 30தான் கெட்டியான கண்ணி. எலிசபெத் ஸ்ட்ரைட் உடல் ராத்திரி 1 மணி வாக்கில் கிடைத்தது. கேத்தரின் எடோஸ் உடல் 1.45க்கு மைட்டர் சதுக்கத்தில். அன்று ஞாயிற்றுக்கிழமை. பகலில் பேரன் தன்னோடு சாப்பிட்டதாக ராணியின் நாட்குறிப்பு சொல்கிறது. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் அந்தப் பகுதிக்கு ரயில் பாதையில் 800 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கால வண்டியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

"அரண்மனைக் காகிதம்தானே, மாற்றி எழுதியிருப்பார்கள்" என்பார்கள். நியாயமான சந்தேகம். நாட்குறிப்பின் பெரும்பகுதி இன்று நம் கையில் இருப்பது ராணியின் கடைசி மகள் பியாட்ரிஸ் பிரதி எடுத்த வடிவத்தில். மூலத்தை அவர் எரித்துவிட்டார். ஆகவே அதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது. ஆனால் அரச குடும்பத்தாரின் நடமாட்டம் அன்றாடம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. இளவரசர் மேல் இந்தப் பழி அச்சில் ஏறியதோ 1962இல். 74 வருஷம் கழித்து வரப்போகும் குற்றச்சாட்டுக்கு 1888இலேயே யார் உட்கார்ந்து பொய்ப் பதில் தயாரித்து வைப்பார்கள்?

அடுத்து, கதை யார் வாயிலிருந்து பரவியது என்று பார்க்கணும். 1970இல் தாமஸ் ஸ்டோவெல் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பெயர் சொல்லாமல் "எஸ்" என்று மட்டும் குறிப்பிட்டார். அடையாளங்கள் எல்லாம் இளவரசருக்குப் பொருந்தின. ஆதாரம் அரச மருத்துவர் வில்லியம் கல்லின் சொந்தக் குறிப்புகளாம். சந்தேக நபர் சிபிலிஸில் இறந்தாராம். மருத்துவர் வில்லியம் கல் இறந்தது 1890 ஜனவரியில். இளவரசர் இறந்தது 1892 ஜனவரி 14, இன்ஃப்ளூயன்சாவும் நிமோனியாவும் வந்து. இரண்டு வருஷம் கழித்து நடக்கப்போகும் சாவை மருத்துவர் எப்படிக் குறித்து வைத்தார்? ஸ்டோவெலும் கட்டுரை வந்த 1970லேயே போய்ச் சேர்ந்தார், அவருடைய காகிதங்களைக் குடும்பத்தார் எரித்துவிட்டார்கள்.

இளவரசர் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார், அதை மறைக்கவே கொலைகள் என்கிற கதை இன்னும் நொண்டி. 1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டப்படி, ராணி சம்மதமில்லாமல் 25 வயதுக்குள் கட்டிய தாலி செல்லாது. செல்லாத கல்யாணத்தை மறைக்க ஐந்து பேரைக் கொல்வானேன்? கொலைக் கதை கட்டுக்கதைதான் என்று அதைச் சொன்ன ஜோசப் சிக்கர்ட் என்பவரே 1978இல் பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். பிறகு அதையும் மாற்றிப் பேசினார்.

நம் டெல்டாவில் ஆதித்த கரிகாலன் கொலைக்கு உத்தம சோழனைக் கூண்டில் ஏற்றுகிறவர்களும் இதே தாளை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் தேதிப் பத்தி காலியாகவே இருக்கும். யார் எந்த இரவில் எங்கே இருந்தார் என்பதற்குப் பதிவு கிடையாது. கையில் இருப்பது காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று துரோகிகளின் பெயர் அதில் இருக்கிறது. உத்தம சோழன் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.