யாருக்குக் கொடுக்கக் கூடாது

ஜூன் 3, 2025

வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு வீடு. மூத்த மகனுக்குச் சளியில் காசநோய்க் கிருமி. மருந்துக்குக் கட்டுப்படுகிற வகைதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அதனால் வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பு மாத்திரை. ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும், வாரம் ஒரு தரம், 12 வாரம்.

பையைத் திறந்ததும் எல்லோரும் கை நீட்டினார்கள். ஆனால் முதலில் கேள்விகள்தான்: இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்ப்பது. பாட்டிக்கு ரெண்டு வாரமாக இருமலாம். "வெத்தலை போட்டா வர்றதுங்க அது" என்றார். இருக்கலாம். ஆனால் நோயே உள்ளே இருந்தால் இந்த மாத்திரை போதாது. சாகாமல் மிஞ்சுகிற கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் நல்ல மருந்தே வேலை செய்யாமல் போகும். சளி டப்பா கொடுத்து, எக்ஸ்ரேவுக்கும் எழுதினேன்.

ஜூன் 4

மருமகளுக்கு மூன்றாம் மாதம். ரிஃபாபென்டினைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. டாக்டரிடம் அனுப்பினேன்.

ஜூன் 6

"ஏனுங்க சிஸ்டர், சின்னவனுக்குக் குடுத்தீங்க, எனக்கு மட்டும் இல்லீங்களா?" வீட்டுப் பெரியவருக்கு வருத்தம். தென்னையில் கள் இறக்குகிறவர். காலையும் மாலையும் குடிக்கிறார். கள் உடம்புக்குக் குளிர்ச்சி என்பது அவர் கட்சி.

கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ராத்திரியில் உள்ளங்கால் எரியுது, செருப்பு நழுவினால்கூடத் தெரியறதில்லை என்றார். குடியால் நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கலாம். ஐசோனியாசிட் உடம்பிலுள்ள பி6 வைட்டமினைக் குறைத்து அதை இன்னும் கெடுக்கும். வெளிச்சத்தில் கண்ணை விரித்துப் பார்த்தேன், வெள்ளை விழியில் லேசான மஞ்சள். கல்லீரல் இப்படி இருக்கையில் இந்த மாத்திரை உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஜூன் 12

பாட்டிக்கு நோய் உறுதி. தடுப்பு மாத்திரை இல்லை, 6 மாத முழுச் சிகிச்சை. அதில் சேர்கிற எத்தாம்புடால் என்ற மருந்து பார்வை நரம்பைப் பாதிக்கலாம் என்பதால் முதலில் கண் பரிசோதனை. சிவப்பு, பச்சை வளையலைச் சரியாகப் பிரித்துச் சொன்னார்.

பெரியவருக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவுகள் ரொம்ப அதிகம். இப்போது மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர். சின்னவனிடம், மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதே, கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வா என்றேன்.

பெரியவர் கார்டில் "மறுத்தார்" என்று எழுதவில்லை. "கல்லீரல் பாதிப்பு, கால் எரிச்சல், தினசரி குடி, கொடுக்க வேண்டாம். இருமல் வந்தால் உடனே சளிப் பரிசோதனை" என்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.