வில்லுக்கு ஒரு பரண்: மே முதல் அக்டோபர் வரை

மே கடைசி வாரம்

மிச்சிகனில் ஜாக்சன் கவுண்டிக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வில் வேட்டைக்குப் போகத் தொடங்கி இது நான்காவது ஆண்டு. இதுவரை மரத்தில் சாய்த்துக் கட்டும் ஏணி இருக்கைதான். சென்ற நவம்பரில் மழையும் பனியும் கலந்து அடித்த ஒரு காலை, விரல்கள் மரத்துப்போய் நாணை இழுக்க முடியாமல், 15 கஜத்தில் நின்ற மானை வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கினேன். கூரையுள்ள பரண் கட்டுவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நிலம் பக்கத்து விவசாயியுடையது. சோயா வயலும் அதை ஒட்டி ஓக் மரக்காடும். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பொது நிலமாக இருந்தால் இப்படி நிரந்தரமாக எதையும் நட்டுவைக்க முடியாது.

துப்பாக்கிக்காரர்கள் கட்டும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு சுவர், இடுப்பளவில் நீளவாக்கில் ஒரு பிளவு. குழாயை வெளியே நீட்டினால் போதும். வில் அப்படி இல்லை. என் காம்பவுண்ட் வில் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) சக்கரத்துக்குச் சக்கரம் 32 அங்குலம். முழுதாக இழுத்தால் முழங்கை பின்னால் ஒரு பெரிய வட்டம் போட்டு வரும். வில்லின் மேல்முனை தலைக்கு மேலே போகும், கீழ்முனை முழங்காலைத் தொடும். இத்தனைக்கும் இடம் விட்ட பிறகுதான் சுவரைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

ஜூன் 8

கராஜ் தரையில் மாஸ்கிங் டேப்பால் 5 அடிக்கு 5 அடி சதுரம் போட்டேன். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டையை வெட்டிச் சுவராக நிறுத்தினேன். நடுவில் கைப்பிடி இல்லாத நாற்காலி. நாணில் அம்பைப் பூட்டி, எதிரே வைக்கோல் கட்டை வைத்து இழுத்துப் பார்த்தேன். (அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால் வில்லே நொறுங்கிவிடும். வெறும் வில்லை இழுத்து விளையாடாதீர்கள்.) முழங்கை அட்டையில் இடித்தது. 6 அடிக்கு 6 அடியாக்கினேன். இப்போதும் நேர்ச்சுவரைப் பார்த்து இழுத்தால் நெருக்கம்தான். ஆனால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையைப் பார்த்து உட்கார்ந்தபோது உடம்பு தளர்ந்துகொடுத்தது. 6 அடிச் சதுரத்தின் மூலைவிட்டம் எட்டரை அடி; எதிர்பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே சன்னல்கள் சுவர் நடுவில் அல்ல, மூலைகளில். மூலையில் சன்னல் வைத்தால் மூலைக்கால் எங்கே நிற்கும்? மூலைகளைச் சாய்வாகச் சீவி, 18 அங்குல அகலத்தில் ஒரு சிறு சுவர், அதன் இருபக்கமும் ஒவ்வொரு சட்டம், நடுவில் 14 அங்குலத் திறப்பு என்று வரைந்தேன். சதுரப் பெட்டி எண்கோணமாகிவிட்டது. வேலை இரட்டிப்பு. வேறு வழி தெரியவில்லை.

ஜூன் 20

மாமனார் ஆண்டிபட்டியிலிருந்து வந்திறங்கினார். வரைபடத்தைப் பார்த்ததும், "இது என்ன மாப்பிள்ளை, புறாக்கூடா?" என்றார்.

அவருக்குப் பரண் பழக்கம் உண்டு. மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாட்களில் பன்றிக்காவலுக்கு இரவெல்லாம் பரணில் படுத்தவர். தகர டப்பா, டார்ச், தொண்டை மூன்றும்தான் ஆயுதம். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய காலத்தில் அதற்கு இதணம் என்று பெயர். அங்கே ஏறுவது விலங்கு வராமலிருக்க. இங்கே ஏறுவது வந்து நிற்க. நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும் என்று அவர் வாதாடியதும், நான் மூட வேண்டும் என்றதும் இதனால்தான். ஒரே பக்கம் திறந்து உள்ளே இருட்டாக இருந்தால்தான் மானுக்கு நம் உருவம் தெரியாது. பின்சன்னலும் திறந்திருந்தால் வெளிச்சத்தில் நிழலுருவமாக நிற்போம்.

ஆனால் கால்கள் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. நான் நேராக நான்கு கால் வரைந்திருந்தேன். "காற்றடித்தால் பெட்டி சாய்ந்துவிடும். காலை அகட்டி வையுங்கள், கன்றுக்குட்டி எழுந்து நிற்கிற மாதிரி" என்றார்.

ஜூலை

பரணின் தரை மண்ணிலிருந்து 8 அடி உயரம். மேல் தளம் 6 அடிச் சதுரம். ஒவ்வொரு காலும் இரு திசையிலும் ஒன்றரை அடி வெளியே தள்ளி, மண்ணில் 9 அடிச் சதுரமாக நிற்கும். கணக்குப் போட்டால் கால் நீளம் 8 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல். 4க்கு 4 அங்குலக் கட்டை என்று கடையில் சொல்வது உண்மையில் மூன்றரை அங்குலம் என்பதை மறந்து முதல் காலை வெட்டினேன். சாய்வும் தப்பான பக்கம் விழுந்தது. அந்தக் கட்டை இப்போது மாமனாரின் தக்காளிப் பந்தலுக்குக் கால்.

இரண்டு பக்கம் சாய்ந்த வெட்டைக் கையால் துல்லியமாகப் போடும் ஆசையை விட்டுவிட்டேன். கால் சொருகும் கோணத்திலேயே செய்த இரும்புத் தாங்கிகள் கிடைக்கின்றன, நான்கு வாங்கினேன். பணம் போனது, மானம் பிழைத்தது.

மற்றவை வேகமாக முடிந்தன. தளத்துக்கு 2க்கு 6 சட்டம், மேலே முக்கால் அங்குல ப்ளைவுட், அதன்மேல் பழைய கம்பளம். கம்பளம் அழகுக்கு இல்லை, பூட்ஸ் சத்தத்துக்கு. கால்களுக்கு இடையே நான்கு பக்கமும் பெருக்கல் குறியாகச் சட்டம், போல்ட் போட்டு முடுக்கியது. ஆணி மட்டும் அடித்தால் இரண்டு குளிர்காலத்தில் ஆடத் தொடங்கும்.

ஆகஸ்ட் 10

சுவர்களைத் தனித்தனிப் பலகைகளாகச் செய்து விவசாயியின் டிரெய்லரில் கொண்டுபோனோம். தளத்தையும் கால்களையும் படுத்த நிலையில் பூட்டி, டிராக்டரின் முன்கரத்தால் மெல்ல நிமிர்த்தினோம். ஒரு கால் காற்றில் நின்றது. இந்தப் பகுதியில் உறைபனி மூன்றரை அடி ஆழம் வரை இறங்கும் என்றுதான் கட்டட அடித்தளத்துக்குக் கணக்கு. அந்த ஆழம் தோண்டாமல் கல்தளத்தில் வைத்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் மட்டம் மாறும். தெரிந்தேதான் கான்கிரீட் பலகைகளின் மேல் வைத்தேன். ஆண்டுக்கொரு முறை ரசமட்டம் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். காற்றுக்கு நான்கு மூலையிலும் மண்ணில் திருகும் நங்கூரமும் கம்பி வடமும்.

ஆகஸ்ட் 24

இந்த நாளைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

சன்னலின் அடிச்சட்டத்தைப் பரணின் தரையிலிருந்து 34 அங்குலத்தில் வைத்திருந்தேன். கராஜில் அட்டை வைத்துப் பார்த்தபோது அது சரியாக இருந்தது. மேலே ஏறிய பிறகு, கீழே கயிற்றில் கட்டி வைத்திருந்த வில்லை இழுத்துக்கொண்டேன் (வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏறுவது எலும்பு முறிய ஆசைப்படுவது). 20 கஜத்தில் வைத்த மான் பொம்மைக்கு எய்தேன், நன்றாகப் போனது. அடுத்து 10 கஜப் பொம்மை. நாணில் உள்ள கண்துளை வழியே குறிமுள் தெளிவாகத் தெரிந்தது, மானின் விலாவும் தெளிவாகத் தெரிந்தது. விட்டேன்.

'டக்' என்று ஒரு சத்தம். அம்பு அடிச்சட்டத்தில் மோதி எகிறிப் புல்லில் விழுந்தது.

ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு அளவுநாடாவை எடுத்தேன். உட்கார்ந்தால் என் கண் 48 அங்குலத்தில், அம்பு 44இல். 10 கஜத்துக்கு அந்த உயரத்திலிருந்து குறிவைத்தால் சன்னலை எட்டுவதற்குள் பார்வைக்கோடு ஒரு அடி இறங்கிவிடுகிறது. அதாவது கண் 36 அங்குலத்தில் சட்டத்தைத் தாண்டிவிட்டது; அம்பு 32இல் சட்டத்துக்குள் போனது. கண்ணுக்குத் தெரிகிற வழியில் அம்பு போவதில்லை. கராஜில் தரையோடு தரையாக நேரே எய்ததால் இந்தச் சரிவே வரவில்லை. அட்டையில் எல்லாவற்றையும் அளந்தவன் உயரத்தை மட்டும் அளக்கவில்லை.

அம்பை இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பார்த்தேன். கார்பனில் மெலிதாக ஒரு சடசடப்பு. அதை எடுத்து உடைத்துப் போட்டுவிட்டேன். விரிசல் விட்ட கார்பன் அம்பு நாணிலேயே வெடித்துக் கையில் ஏறும்.

சட்டத்தை அறுத்து 22 அங்குலத்துக்கு இறக்கினேன். சன்னல் இப்போது 14 அங்குல அகலம், 40 அங்குல உயரம்; நின்றும் எய்யலாம், உட்கார்ந்தும் எய்யலாம்.

செப்டம்பர்

உள்ளே முழுவதும் மினுக்கமில்லாத கறுப்பு. சன்னல் கதவுகளுக்குக் கம்பளித் துண்டு ஒட்டினேன், இடிக்கும் சத்தம் வராமல். கூரைக்கடியில் குளவிகள் எனக்கு முன்பே குடியேறியிருந்தன.

காற்றுத் திசை பார்க்க, வயலோரத்தில் வெடித்திருந்த ஒரு காயைப் பறித்துப் பஞ்சை ஊதினேன். காம்பை ஒடித்துப் பாலைப் பார்த்துவிட்டு, "எருக்குதானே இது?" என்றார் மாமனார். எருக்கின் சொந்தக்காரச் செடிதான். இங்கே மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு தின்பது இதைத்தான். பஞ்சு வயலைக் கடந்து கிழக்கே மிதந்தது. மேற்குக் காற்று, மான்தடம் எனக்கு மேற்கே; என் வாசனை மான் பக்கம் போகாது. இடம் சரிதான்.

அக்டோபர் 1

வில் பருவம் தொடங்கிய முதல் மாலை. சூரியன் மறைந்து அரை மணி வரை எய்யலாம். ஆறே முக்காலுக்கு ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் காட்டுக்குள்ளிருந்து வந்தன. 12 கஜம். நான் திறந்து வைத்திருந்தது வலது சன்னல். அவை வந்ததோ இடப்பக்கம். இடது சன்னலைத் தள்ளினேன். முந்தைய நாள் மழையில் கம்பளித் துண்டு ஊறிப் பருத்திருந்தது. கதவு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் 'பொசுக்' என்று திறந்தது. மூன்று வெள்ளை வால்கள் மேலே எழுந்து மறைந்தன.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்டார்: "வந்ததா?"

"வந்தது மாமா."

"பிறகு?"

"ஓடிவிட்டது."

"அப்படியென்றால் பரண் நன்றாகத்தான் வேலை செய்கிறது" என்று சொல்லிவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

சனிக்கிழமை அந்தத் துண்டைப் பிய்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காத மெல்லிய ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். கீல்களுக்கும் எண்ணெய் தேவைப்படுகிறது, வாசனையில்லாத எண்ணெய்.