நெக்லஸ் போலி என்று தெரிந்த பிறகு

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கதையின் முடிவை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். எந்தச் சிறுகதையை எடுத்தாலும், நான் வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே பாதிப் பேருக்கு அதன் முடிவு தெரிந்திருக்கும். துணைநூலில் கதைச்சுருக்கம் இருக்கிறது, அக்காவின் பழைய நோட்டு இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. மீதிப் பேருக்கு இடைவேளையில் நண்பர்கள் சொல்லிவிடுவார்கள். ஊரறிந்த இந்த ரகசியத்துக்குக் காவல் நிற்பதில் எனக்கு ஆர்வமில்லை. “அந்த நெக்லஸ் போலி. இப்போது படிக்கலாம்” என்று தொடங்கிவிடுவேன்.

சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. பிள்ளைகள் திடுக்கிட வேண்டாமா என்று கேட்கிறார்கள். திடுக்கிடட்டும், நல்லதுதான். ஆனால் திடுக்கிட்ட கையோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது? அவர்களைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது. எனக்கோ வகுப்பே அங்கேதான் தொடங்குகிறது.

மாப்பசான் 1884இல் எழுதிய ‘தி நெக்லஸ்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தரின் மனைவி மத்தில்ட், விருந்துக்குப் போவதற்காகத் தோழியிடம் வைர நெக்லஸ் இரவல் வாங்குகிறாள். அதைத் தொலைத்துவிடுகிறாள். கடன்பட்டு 36,000 பிராங்குக்கு வேறொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து ஆண்டுகள் கணவனும் மனைவியுமாக அந்தக் கடனை அடைக்கிறார்கள். கடைசியில் தோழி சொல்கிறாள்: அது போலி, மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும். இவ்வளவும் சொன்ன பிறகு வகுப்புக்கு ஒரே ஒரு வேலை கொடுப்பேன். போலி என்பதை மாப்பசான் முன்கூட்டியே எங்கெல்லாம் காட்டிக்கொடுத்திருக்கிறார்? பென்சிலால் கோடிட்டுக் காட்டுங்கள்.

முதலில் எல்லோருக்கும் அகப்படுவது, தோழி யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது. கேட்டதும் சரி என்கிறாள். அடுத்து, திருப்பிக் கொடுக்கும்போது அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தாமதத்துக்காகக் கடிந்துகொள்கிறாள், அவ்வளவுதான். மூன்றாவது தடயத்தைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமாகும். நெக்லஸ் தொலைந்ததும் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அதில் பெயர் பொறித்திருக்கும் நகைக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நெக்லஸை விற்றது நானல்ல, பெட்டி மட்டும்தான் என்னுடையது என்கிறார். உண்மை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. மத்தில்டும் அவள் கணவனும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் வாசிப்பில் நாமும் அப்படித்தான் தாண்டிப் போகிறோம். இதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருப்பதில்லை. பக்கத்தை மெதுவாகப் புரட்டும் பிள்ளையாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மத்தில்டின் குணநலனை விவரி என்று தேர்வில் கேட்பார்கள். பேராசைக்காரி, தற்பெருமைக்காரி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு அந்த விடையில் முழுத் திருப்தி இல்லை. பேராசைக்காரி பத்து ஆண்டுகள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, காய்கறிக்காரனிடம் காசுக்குக் காசு பேரம் பேசி, இன்னொருத்தியின் நகைக்கு ஈடு கட்டுவாளா? ஓடியிருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். வகுப்பில் இதைக் கேட்டால் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். அந்தக் கணவனைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. துப்பாக்கி வாங்குவதற்காக 400 பிராங்க் சேர்த்து வைத்திருந்தவன், அதை அப்படியே மனைவியின் உடுப்புக்குக் கொடுத்துவிடுகிறான். பிறகு தகப்பனார் விட்டுப்போன 18,000 பிராங்கும் நெக்லஸோடு போகிறது. அவனுடைய குணநலனை எந்தத் தேர்வும் கேட்பதில்லை, பாவம்.

கரும்பலகையில் மலை வரையும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு என்று ஆங்கிலச் சிறுகதை படித்த எல்லோரும் அந்த முக்கோணத்தை வரைந்திருப்பார்கள். ஜெர்மானியரான குஸ்டாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்குவதற்காக முன்வைத்த வடிவம் அது. நாலு பக்கச் சிறுகதைக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டையல்ல. இருந்தும் எல்லாக் கதைகளுக்கும் அதையே மாட்டிவிடுகிறோம். கேட் ஷோபான் 1894இல் வெளியிட்ட ‘தி ஸ்டோரி ஆஃப் ஆன் அவர்’ கதையை அந்த மலையில் ஏற்றிப் பாருங்கள், தெரியும். ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மனைவி அழுகிறாள். பிறகு தனியாக அறைக்குள் போய் ஜன்னலருகே உட்காருகிறாள். மெல்ல மெல்ல, இனி தன் வாழ்க்கை தனக்கே சொந்தம் என்ற எண்ணம் அவளுக்குள் எழுகிறது. கீழே இறங்கி வருகிறாள், கதவைத் திறந்துகொண்டு கணவன் உயிரோடு வருகிறான், இவள் விழுந்து இறந்துபோகிறாள். உச்சம் எது? ஜன்னலா, கதவா? ஒரு வகுப்பு இதற்காகப் பிரிவேளை முழுவதும் சண்டை போட்டது. நான் எந்தப் பக்கமும் சாயவில்லை, ஆனால் ஜன்னல் பக்கத்தார் சொன்ன நியாயங்கள் கனமாக இருந்தன.

இந்தக் கதையின் முதல் வாக்கியமே அவளுக்கு இதயநோய் என்று சொல்லிவிடுகிறது. அதனால்தான் செய்தியைப் பக்குவமாகச் சொல்ல மிகுந்த கவனம் எடுத்துக்கொள்ளப்பட்டதாம். வாக்கியம் செயப்பாட்டு வினையில் இருக்கிறது. இலக்கண வகுப்பில் மாற்றி எழுதி மாற்றி எழுதிச் சலித்துப்போன அதே செயப்பாட்டு வினைதான். கவனம் எடுத்துக்கொண்டது யார் என்று வாக்கியம் சொல்வதில்லை. சுற்றியிருக்கும் எல்லோரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றுகிறார்கள், அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கதை முழுவதும் இதுதானே! கடைசியில் மருத்துவர்கள் வந்து, அளவு கடந்த மகிழ்ச்சியால் இறந்தாள் என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு என்பது அந்த வீட்டில் இருக்கும் எவருக்கும் தெரியாது, படிக்கிற நமக்கு மட்டும் தெரியும். முரண்நகை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. அதனால் வரையறையை எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

“அவள் நல்ல மனைவியா, டீச்சர்?” என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். ஷோபான் அதற்கு இடம் வைத்திருக்கிறார். அவள் கணவனை நேசித்தாள், சில சமயம்; பல சமயம் நேசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைக் காட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் நடப்பதை நம்மைவிடக் கூர்ந்து கவனிக்கும் வயது அது.

எட்கர் ஆலன் போவின் ‘தி டெல்-டேல் ஹார்ட்’ 1843இல் வந்த கதை. அதை உரக்கப் படிக்க வைத்தால் போதும், நான் விளக்கவே வேண்டாம். கிழவரைக் கொன்றவனே கதை சொல்கிறான். தான் பைத்தியம் இல்லை என்று நிரூபிப்பதற்காக, எவ்வளவு கவனமாகக் கொன்றேன் பாருங்கள் என்று விவரிக்கிறான். நாடகக் குரலில் அலறிப் படிக்கும் பையனிடம் இந்தக் கதையைக் கொடுக்கக் கூடாது. எல்லோரும் சிரித்துவிடுவார்கள். தணிந்த குரலில், கணக்கு ஒப்பிப்பதுபோலப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பின்வரிசையில்கூட அசைவிருக்காது. இன்னொரு நன்மையும் உண்டு. ‘போ கிழவரைக் கொன்றார்’ என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் எண்ணிக்கை இந்த வாசிப்புக்குப் பிறகு கணிசமாகக் குறைகிறது. கதையை எழுதியவர் வேறு, கதைக்குள் இருந்து பேசுகிறவன் வேறு என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. காதால் கேட்டால் உடனே ஏறிவிடுகிறது.

சிறுகதையை ஒரே மூச்சில், அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடிக்க வேண்டும் என்று போ 1842இல் ஒரு மதிப்புரையில் எழுதினார். அப்போதுதான் வாசகர் மனத்தில் ஒரே உணர்வு முழுமையாகப் பதியும் என்பது அவர் வாதம். அவர் வருகைப்பதிவு எடுக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது நிமிடப் பிரிவேளையில் எனக்குக் கிடைப்பது முப்பதுதான். அதனால் கதையை மூன்று நாட்களுக்கு அறுத்துப் பிரிக்காமல், நீளமான கதையானால் இரண்டு பிரிவேளைகளை அடுத்தடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விளையாட்டு ஆசிரியருக்கும் எனக்கும் இதனால் அவ்வளவு சுமுகமில்லை.

ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ 1948 ஜூன் மாதம் ‘தி நியூயார்க்கர்’ இதழில் வந்தது. ஒரு சிற்றூரில் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டு விழுந்தவரை ஊரே சேர்ந்து கல்லால் அடித்துக் கொல்லும். அந்தக் கோடையில் தனக்கு வந்த முந்நூற்றுச் சொச்சம் கடிதங்களில் அன்பாகப் பேசியவை பதின்மூன்றுதான் என்று ஜாக்சன் பின்னாளில் சொன்னார். இந்தக் கதைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொல்லிவிடுவேன். சொன்னால்தான் இரண்டாம் பத்தியில் சிறுவர்கள் சட்டைப்பையில் கல் நிரப்புவதைப் படிக்கும்போது அடிவயிறு கலங்கும். தெரியாமல் படித்தால் அது விடுமுறை விளையாட்டு.

ஆனால் பிள்ளைகள் வெகுநேரம் பேசுவது கற்களைப் பற்றியல்ல, டெஸ்ஸியைப் பற்றி. சாகப்போகிறவள் அவள்தான் என்று தெரிந்து படிப்பதால் தொடக்கத்திலிருந்தே அவள்மீது இரக்கம் வந்துவிடுகிறது. தாமதமாக வருகிறாள், பாத்திரத்தைக் கழுவாமல் விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா என்று வேடிக்கை பேசுகிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். பிறகு சீட்டு தன் குடும்பத்துக்கு விழுந்ததும், திருமணமாகிப் போன மகளையும் மருமகனையும் குலுக்கலில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கத்துகிறாள். ஏன் என்று கேட்டேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஒரு மாணவி கணக்குப் போட்டுவிட்டாள்: தலைகள் கூடினால் தனக்கு விழும் வாய்ப்புக் குறையும். பெற்ற மகளை இழுத்துவிட்டுத் தான் தப்பப் பார்க்கிறாள். அதுவரை டெஸ்ஸிக்காக உருகிய வகுப்பு அவள்மீது பாய்ந்தது. பிறகு, அந்த நிலையில் நீ என்ன செய்வாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் குலுக்கல் முறை நியாயமில்லை என்று அவள் சொல்வது, அவள் வீட்டுக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஓ. ஹென்றியின் ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல கதைதான், ஆனால் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் சொல்லலாம். தொடக்கத்தில், கணவனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க நினைக்கும் டெல்லாவிடம் 1 டாலர் 87 சென்ட் இருக்கிறது, அதில் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாக இருக்கிறது என்கிறார். கணக்கில் புலியான பையன் ஒருவன் எழுந்து, மீதி 1 டாலர் 27 சென்டில் அந்தக் கடைசி இரண்டு சென்ட், ஒரு சென்ட் காசு இல்லாமல், எப்படி வந்தது என்று கேட்டான். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1864 முதல் 1873 வரை இரண்டு சென்ட் நாணயம் அடித்தார்கள், அதில் ஒன்று அவளிடம் இருந்திருக்கலாம் என்றேன். ஆசிரியர் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார் என்பதுதான் அவன் தீர்ப்பு. கூந்தலை 20 டாலருக்கு விற்று, 21 டாலருக்குக் கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்கி, 87 சென்டோடு வீட்டுக்கு வருகிறாள் என்ற பின்கணக்குச் சரியாக இருப்பதையும் அவனே சரிபார்த்துச் சொன்னான். கதை பிடித்ததா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

கடைசியில் திருப்பம் வைக்கும் கதைகளாகவே பாடத்தில் சேர்க்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு நீண்ட நாளாக இருக்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பதற்கு அவை வசதி. செகாவ் 1886இல் எழுதிய ‘மிஸரி’ கதையைச் சேர்க்கலாம் என்று சொல்லி வருகிறேன். குதிரைவண்டிக்காரர் அயோனாவின் மகன் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். யாருக்கும் கேட்க நேரமில்லை. கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறார். திருப்பம் எதுவும் இல்லை, கதைச்சுருக்கம் படித்துவிட்டு வந்தாலும் பயனில்லை. இதில் என்ன கேள்வி கேட்பாய் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அயோனா யார் யாரிடம் சொல்லப் பார்க்கிறார்: ராணுவ அதிகாரி, மூன்று இளைஞர்கள், வாயில்காப்போன், தூக்கக் கலக்கத்தில் எழுந்த இளம் வண்டிக்காரன். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் கேட்பதை நிறுத்துகிறார்கள், ஏன்? மகன் எதனால் இறந்தான் என்று கேட்பதற்கு அந்த அதிகாரிக்கு மட்டும் எப்படித் தோன்றியது? தாராளமாக ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம்.